7:29 உண்மையா, 7:54 உண்மையா? நிசான் ஜிடி-ஆர், போர்ஷே 911 டர்போ: பழைய வழக்கைத் திறக்கிறேன்

ஐஃபல்வாசி (கொலோன்)

2025 ஆகஸ்டில் ஜப்பானின் டோச்சிகி ஆலையிலிருந்து நிசானின் கடைசி ஆர்35 தலைமுறை ஜிடி-ஆர் வெளியே வந்தது. பதினெட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 48,000 கார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து ஒரு பழைய வழக்கு மனத்துக்குள் புரண்டுகொண்டே இருக்கிறது. இங்கே எல்லோரும் இருக்கிறீர்கள், பேசித் தீர்த்துவிடலாம் என்று தோன்றியது.

இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2007 டிசம்பரில் ஜப்பானில் ஜிடி-ஆர் விற்பனைக்கு வந்தது. 3.8 லிட்டர் வி6, இரண்டு டர்போ, 480 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம், விலை 77.7 லட்சம் யென். அப்போதைய 911 டர்போவுக்கும் அதே 480 குதிரைத்திறன்தான். நிசான் தன் காரை ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தய மைதானத்தின் வடக்குத் தடத்துக்குக் கொண்டுபோனது. அங்கங்கே ஈரம் இருந்த தரையில் முதலில் 7 நிமிடம் 38 விநாடி வந்தது. 2008 ஏப்ரலில் 7:29 வந்தது. 911 டர்போ பின்னுக்குப் போனதோடு முடியவில்லை. 530 குதிரைத்திறன் கொண்ட 911 ஜிடி2-ஐயும் அது தாண்டிவிட்டது. ஜிடி2-வில் போர்ஷே ஓட்டுநர் வால்டர் ரோர்ல் எடுத்தது 7:32.

போர்ஷே வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. 911 வரிசைக்குப் பொறுப்பாக இருந்த ஆகஸ்ட் அக்லைட்னர் அதே ஆண்டில் பத்திரிகையாளர்களிடம் பேசினார். அமெரிக்காவில் ஒரு ஜிடி-ஆரை வாங்கி அதே தடத்தில் தாங்களே ஓட்டிப் பார்த்ததாகவும், 7:54-க்குக் கீழே இறங்க முடியவில்லை என்றும் சொன்னார். தங்கள் டர்போவுக்கு 7:38, ஜிடி2-வுக்கு 7:34 வந்தது என்றார். ஜிடி-ஆர் ஓடிய டயர் கடையில் விற்கும் டயர்தானா என்ற சந்தேகத்தையும் அவர் மறைக்கவில்லை. விற்கிற காரும் விற்கிற டயரும்தான் ஓடின என்று நிசான் உறுதியாக நின்றது.

நடுவில் நிற்பது இருபத்தைந்து விநாடி. 20.6 கிலோமீட்டர் சுற்றில் கிலோமீட்டருக்கு 1.2 விநாடி. சராசரி வேகத்தில் பார்த்தால் மணிக்கு 165 கி.மீ. ஒரு பக்கம், 156 கி.மீ. மறுபக்கம்.

என் கட்சி இது: இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். 7:29-உம் அந்தக் கார்தான், 7:54-உம் அந்தக் கார்தான். மறுக்கிறவர்கள் வாருங்கள்.


பின்னெஞ்சின் (சிங்கப்பூர்)

முதல் ஆளாக மறுக்கிறேன். ஆறு வருடமாக 997 டர்போ (அந்தத் தலைமுறை 911-இன் குறியெண் 997) வைத்திருக்கிறேன், கை கியர். எனக்குப் பாசம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஜிடி-ஆர் 1,740 கிலோ. டர்போ 1,585 கிலோ. குதிரைத்திறன் சமம். முறுக்கு விசை டர்போவுக்கு 620 நியூட்டன் மீட்டர், ஜிடி-ஆருக்கு 588. அதாவது ஜிடி-ஆர் இரண்டு பெரிய ஆட்களைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு, குறைந்த இழுவையோடு ஓடுகிறது. அப்படி ஓடி ஒன்பது விநாடி முந்துகிறது என்றால் அந்த ஒன்பது விநாடி எங்கிருந்து வந்தது?

டர்போவின் எஞ்சின் சாதாரணப் பரம்பரை அல்ல. 1998-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற ஜிடி1 பந்தயக் காரின் எஞ்சின் உடற்கூட்டிலிருந்து வந்த வழி அது. அதன் டர்போசார்ஜரில் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) தகடுகள் கோணம் மாற்றிக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சினில் மிக அரிதாகச் செய்யப்பட்ட வேலை. நிமிடத்துக்கு 1,950 சுழற்சியிலேயே முழு முறுக்கும் கைக்கு வந்துவிடும். இப்படிப்பட்ட காரைக் கனமான ஒன்று முந்தியது என்றால் எனக்குக் காரணம் வேண்டும். "நாங்கள் சொன்னால் சரி" என்பது காரணம் ஆகாது.


கனகாவா (ஜப்பான்)

காரணம் இருக்கிறது ஐயா. வாகனத் துறையில்தான் வேலை செய்கிறேன், நிசானில் அல்ல. அதனால் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை.

ஜிடி-ஆரின் கியர்பாக்ஸ் எஞ்சினோடு ஒட்டி இருக்காது, பின் அச்சில் இருக்கும். எஞ்சினிலிருந்து ஒரு தண்டு பின்னே போகிறது. கியர்பாக்ஸ், கிளட்ச், விசைப் பகிர்வு எல்லாம் அங்கேதான். பிறகு அங்கிருந்து இன்னொரு தண்டு முன் சக்கரங்களுக்குத் திரும்பி வருகிறது. ஒரே காரின் அடியில் நீளவாக்கில் இரண்டு தண்டுகள். பைத்தியக்கார வேலை என்று முதலில் நினைத்தேன். ஆனால் அதனால்தான் முன்னே எஞ்சின் வைத்த காரில் எடை ஏறக்குறைய 53-க்கு 47 என்று பிரிந்து நிற்கிறது.

அடுத்தது கியர் மாற்றம். ஜிடி-ஆரின் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ், அடுத்த கியரை முன்பே தயாராக வைத்து, 0.2 விநாடியில் மாற்றிவிடும். உங்கள் டர்போவில் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் ஒவ்வொரு மாற்றத்திலும் உந்துதல் ஒரு கணம் அறுபடும், டர்போவின் அழுத்தமும் இறங்கும். அந்தத் தடத்தில் மேடு, பள்ளம், வளைவு என்று கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சில்லறை சேர்ந்து ரூபாய் ஆகிவிடும். 2009-இல் போர்ஷே டர்போவைப் புதுப்பித்தபோது 3.8 லிட்டர், 500 குதிரைத்திறனோடு இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸையும் கொடுத்தது.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைமைப் பொறியாளர் கசுடோஷி மிசுனோ, எடையைத் தன் எதிரியாகப் பார்க்கவில்லை. டயரைத் தரையில் அழுத்த எடை வேண்டும் என்பது அவருடைய வாதம். பாடப்புத்தகத்தை வைத்து அவரோடு சண்டை போடலாம். நானே போட்டிருக்கிறேன், மனத்துக்குள். ஆனால் ஈரத்திலும் மேடு பள்ளத்திலும் அந்தக் கார் தரையை விடாமல் பிடிப்பதைப் பார்த்த பிறகு, அவர் எதைக் குறிவைத்தார் என்பது புரிந்தது. யார் ஓட்டினாலும், எந்த வானிலையிலும் வேகமாகப் போக வேண்டும். அதற்கு 155 கிலோவைக் கட்டணமாகக் கொடுத்திருக்கிறார்.

யோகோஹாமாவில் ஒரு எஞ்சினை ஒரே கைவினைஞர் முழுதாகப் பூட்டிவந்தார், அவர் பெயர் பொறித்த தகடு அதில் இருக்கும். இந்த வாதத்துக்குத் தேவையில்லாத செய்திதான். ஆனாலும் ஜிடி-ஆரைப் பற்றிப் பேசும்போது அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.


புதுப்பயணி (கோவை)

அண்ணன்மார்களுக்கு வணக்கம். கல்லூரி மூன்றாம் ஆண்டு இயந்திரவியல். இரண்டு சந்தேகம். சில இடங்களில் தடம் 20.6 கி.மீ. என்றும் சில இடங்களில் 20.832 கி.மீ. என்றும் இருக்கிறதே, எது சரி? இன்னொன்று, இரண்டு கார்களையும் ஒரே நாளில் ஒரே ஓட்டுநரிடம் கொடுத்தால் முடிந்துவிடாதா?


ஐஃபல்வாசி

தம்பி, இரண்டும் சரி. முழுச் சுற்று 20.832 கி.மீ. முன்பெல்லாம் பெரும்பாலும் நீண்ட நேர்பாதையின் முடிவில், பார்வையாளர் மாடத்தின் முன்னே ஒரு துண்டை விட்டுவிட்டு அளப்பார்கள். அதுதான் 20.6. 2019-இலிருந்து அதிகாரபூர்வ நேரம் என்றால் முழுச் சுற்றுதான். அந்தத் துண்டு எவ்வளவு பெறும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2021-இல் மான்டை நிறுவனம் மேம்படுத்திய 911 ஜிடி2 ஆர்எஸ். 20.6-க்கு 6:38.835, முழுச் சுற்றுக்கு 6:43.300. ஒரே கார், ஒரே ஓட்டம், நாலரை விநாடி வித்தியாசம். ஆகவே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

உன் இரண்டாவது கேள்வியில்தான் இந்த வழக்கின் உயிர் இருக்கிறது. போர்ஷே செய்தது கிட்டத்தட்ட அதைத்தான். தங்கள் ஆளிடம் கொடுத்து மூன்று கார்களையும் ஓட்டினார்கள். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்தத் தடத்தில் ஒரு முறையாவது உட்கார்ந்து போயிருந்தால் ஏன் அது போதாது என்பது தெரியும்.

நான் உட்கார்ந்து போயிருக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவரின் ஜிடி-ஆரில், பொதுமக்களுக்குத் திறந்துவிடும் ஓர் ஏப்ரல் மாலையில். பணம் கட்டினால் யாரும் போகலாம். சட்டப்படி அது ஒருவழிச் சுங்கச்சாலை, நேரம் அளக்கக்கூடாது. ஃபுக்ஸ்ரோர் என்னும் இறக்கத்தில் காடு இரண்டு பக்கமும் சுவர்போல ஏறி நிற்கும். கார் கீழே விழுவதுபோல இறங்கி அடியில் குழியில் அமுங்கும்போது என் கன்னம் கீழே இழுபட்டது. உடனே ஏற்றம். அதன் உச்சியில் அடெனாவர் ஃபோர்ஸ்ட். இடப்பக்கம் திரும்ப வேண்டும், ஆனால் திருப்பம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாதவர்கள் நேரே புல்லுக்குள் போய்விடுவார்கள், அந்த மாலையிலேயே ஒரு சிவப்புக் கார் அங்கே நின்றுகொண்டிருந்தது. பிறகு காரஸல். சாய்ந்த கான்கிரீட் பலகைகளுக்குள் இடச் சக்கரங்களைப் போட்டு இறக்கினார். பலகைக்குப் பலகை இணைப்பில் டக் டக் டக் என்று முதுகெலும்பில் அடித்தது. வெளியே வந்ததும் மரநிழலில் ஈரம், அடுத்த வளைவில் வெயில். மொத்தம் 73 வளைவுகள், முந்நூறு மீட்டர் உயர வேறுபாடு.

நண்பருக்கு அந்தத் தடம் நூற்றுக்கணக்கான சுற்றுகளின் பழக்கம். ஆனால் அந்தக் காரை வாங்கி அப்போது ஒரு மாதம். "எங்கே முன்சக்கரம் இழுக்க ஆரம்பிக்கும் என்று இன்னும் கைக்குப் பிடிபடவில்லை" என்றார். ஒவ்வொரு வளைவிலும் முன்கூட்டியே ஆக்சிலரேட்டரை விட்டார். கார் அதைக் கேட்கவில்லை, அவர்தான் விட்டார். பக்கத்தில் இருந்த எனக்கே தெரிந்தது. அந்த ஒரு விநாடியை 20 கிலோமீட்டரால் பெருக்கிப் பாருங்கள்.

நிசானின் ஓட்டுநர் தோஷியோ சுசுகி அந்தக் காரோடு வளர்ந்தவர். 1992-இல் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தை நிசானில் வென்ற மூவரில் ஒருவர். கார் உருவாகும்போதே அதை அந்தத் தடத்தில் சுற்றிக்கொண்டிருந்தவர். ரோர்ல் இரண்டு முறை உலக ராலி சாம்பியன், 911-இல் அவர் கை பேசும். அந்தந்தக் கார் அவரவர் ஆளிடம் இருக்கும்போது வந்த எண்கள்தான் 7:29-உம் 7:32-உம். வாங்கிவந்த புதுக் காரில், வேறொரு காரின் பழக்கத்தோடு ஒருவர் ஏறினால் 7:54 வருவதில் எனக்கு வியப்பே இல்லை.


பின்னெஞ்சின்

அழகாக எழுதிவிட்டீர்கள், ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. போர்ஷேயின் சோதனை ஓட்டுநர் என்றால் வாரக் கடைசி ஆர்வலர் அல்ல. அந்தத் தடத்தையே வீடாகக் கொண்டவர். ஐந்து விநாடி, பத்து விநாடி விடலாம். இருபத்தைந்து என்றால் டயரிலோ காரிலோ ஏதோ இருந்திருக்க வேண்டும்.


ஷாஆலம்77 (மலேசியா)

டயர், கார் என்று வந்தபிறகு என் கதையைச் சொல்கிறேன். நான்கு ஆண்டுக்கு முன்பு, செப்பாங் பந்தயத் தடத்தில். 5.543 கி.மீ., பதினைந்து வளைவு. நண்பரின் 2009 ஜிடி-ஆர், நான் ஓட்டுகிறேன். காலை பத்து மணிக்கே தார் சூடேறிவிட்டது. இரண்டு சுற்று அற்புதம். நடுத்திரையில் கியர்பாக்ஸ் எண்ணெயின் வெப்பம், பிடிப்பு எந்தப் பக்கம் எவ்வளவு என்பதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் திரையை வடிவமைத்தது கிரான் டூரிஸ்மோ விளையாட்டை உருவாக்கிய பாலிபோனி டிஜிட்டல். சிறுவயதில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்து பார்த்த அதே கட்டங்கள் இப்போது என் கைக்கு முன்னே.

மூன்றாவது சுற்று. பின் நேர்பாதையின் முடிவில் பதினைந்தாவது வளைவு, கொண்டையூசி. பிரேக்கை மிதிக்கிறேன், மிதி போய்க்கொண்டே இருக்கிறது. அடியில் பஞ்சு வைத்ததுபோல. மீண்டும் மிதித்தேன், இன்னும் கீழே. திருப்ப முயலவில்லை, நேரே வெளிப்பரப்பில் விட்டு, கியரை இறக்கி இறக்கிச் சரளையில் நிறுத்தினேன். காருக்கும் எனக்கும் ஒரு கீறல் இல்லை. கை மட்டும் அரை மணி நேரம் நடுங்கிற்று.

அன்று மாலை பிரேக் ஆயிலை வெளியே எடுத்தோம். கடுங்காப்பி நிறம். ஆனால் இரண்டு வாரம் முன்னால்தான் ஒரு பணிமனையில் அதை மாற்றியதற்குப் பணம் கட்டியிருந்தார் நண்பர், ரசீது பையில் இருந்தது. மாற்றவே இல்லை. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் சூட்டில் கொதித்து ஆவிக்குமிழி ஆகிவிட்டது. குற்றம் காரில் இல்லை.

அடுத்த மாதம் நாங்களே ஆயில் மாற்றி, பேட் மாற்றிப் போனோம். அதே கார், அதே நான், அதே தடம். ஒரு சுற்றுக்கு ஏழு விநாடி குறைந்தது. அதில் பாதி ஆயில், பாதி என் பயம் போனது. ஐந்தரைக் கிலோமீட்டரில் ஏழு என்றால் இருபது கிலோமீட்டரில் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள், பின்னெஞ்சின் அண்ணா. வாங்கிவந்த ஒரு கார் எந்த நிலையில் இருந்தது, எவ்வளவு ஓடிப் பழகியது, டயர் எத்தனையாவது சூட்டில் இருந்தது என்பது தெரியாமல் அந்த 25 விநாடியை யார் தலையிலும் நான் கட்டமாட்டேன்.


பின்னெஞ்சின்

இதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. யோசிக்கிறேன். நீங்கள் பத்திரமாக வெளியே வந்தது பெரிது, தம்பி.


கனகாவா

டயரைப் பற்றி ஒன்று. ஜிடி-ஆரோடு விற்றது பிரிட்ஜ்ஸ்டோன், டன்லப் என்று இரண்டு வகை, இரண்டும் காற்று போனாலும் ஓடக்கூடிய கடினப் பக்கச்சுவர் கொண்டவை. உள்ளே நைட்ரஜன். 7:29-ஐ எடுத்தது டன்லப்பில் என்று நிசான் சொன்னது. ஆனால் "கடையில் விற்கும் டயர்" என்பதற்குள்ளேயே நிறைய இடம் இருக்கிறது. புதிதா, சற்றுத் தேய்ந்ததா, முன்பே ஒரு சூடு ஏறி ஆறியதா? எல்லாமே விற்கும் டயர்தான், ஒவ்வொன்றும் ஒரு விதம். நான் வேலை செய்யும் இடத்தில் டயரைப் பதிவேட்டில் மனிதரைப்போலப் பிறந்த தேதியோடு எழுதி வைப்போம்.

நிசானை மட்டும் தூக்கிப் பிடிக்கவில்லை. 2013-இல் நிஸ்மோ (நிசானின் பந்தயப் பிரிவு) வகை ஜிடி-ஆரில் மிக்கேல் க்ரும் 7:08.679 எடுத்தார். அந்தக் காரில் தடத்துக்கென்றே செய்த கூடுதல் பாகங்கள் பூட்டியிருந்தன. வாடிக்கையாளர் காட்சிக்கூடத்தில் சாவி வாங்கி ஓட்டிப்போகும் நிஸ்மோ அது அல்ல. எனக்கு அந்த எண் பிடிக்கவில்லை. 7:29-க்காகப் பல வருடம் வாதாடிய எனக்கு அது ஒரு சறுக்கலாகவே பட்டது.


திருப்பெரும்புதூர்ச்சாலை (சென்னை)

எல்லோரும் தடத்திலேயே நிற்கிறீர்கள். சாலையும் இருக்கிறது.

ஜிடி-ஆர் இந்தியாவுக்கு 2016 டிசம்பரில் வந்தது, 1.99 கோடி ரூபாய், அப்போது 570 குதிரைத்திறன். ஒரகடத்தில் அதே நிசானின் பெயரோடு சிறிய கார்கள் வரிசையாக வெளியே வருவதைத் தினமும் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகிறவன் நான். அந்த வாசலையும் இந்த விலையையும் சேர்த்து நினைத்தால் தலை சுற்றும்.

நண்பரின் 911-இல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை பலமுறை போயிருக்கிறேன். டர்போ அல்ல, சாதாரண 997. அதில் கற்றுக்கொண்டது ஒன்று: சாலையில் குதிரைத்திறனைவிட அகலம் முக்கியம். 997 டர்போ 1,852 மில்லிமீட்டர் அகலம், 4,450 நீளம். ஜிடி-ஆர் 1,895 அகலம், 4,650-க்கு மேல் நீளம். தாளில் நான்கு சென்டிமீட்டர்தான். எதிரே லாரி, இடப்பக்கம் மாட்டுவண்டி, நடுவில் நாம் என்னும்போது அந்த நான்கு சென்டிமீட்டர் மூச்சு விடும் இடம். 911-இல் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே முன்பக்க இரண்டு விளக்கு மேடுகளும் தெரியும். எங்கே முடிகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. வேகத்தடைக்கு இரண்டுமே அழும், அதில் வெற்றி தோல்வி இல்லை. குறுக்காக ஏறித்தான் இறங்க வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் இதைச் சொல்வேன். 3.7 கிலோமீட்டர், நேர்பாதை நீளமில்லை. 480 குதிரையையும் முழுதாக அவிழ்த்துவிடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். அங்கே 155 கிலோ குறைவான கார்தான் என் தேர்வு.


கனகாவா

அகலம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. இங்கே மலைப்பாதைகளில் ஜிடி-ஆர் தன் பாதி வேகத்துக்குக்கூடப் போவதில்லை, இடமில்லை. ஜப்பானில் விற்ற காருக்கு மணிக்கு 180 கி.மீ. பூட்டு வேறு உண்டு. அங்கீகரிக்கப்பட்ட பந்தயத் தடத்துக்குள் நுழைந்ததை ஜிபிஎஸ் உணர்ந்தால்தான் அந்தப் பூட்டைத் திறக்க முடியும். தன் இடம் எது என்று அந்தக் காருக்கே சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மெதுவாகப் போகும்போது பின் அச்சிலிருந்து இயந்திரச் சத்தம் உள்ளே கேட்கும். சிலருக்கு அது தொந்தரவு, எனக்குத் துணை.


புதுப்பயணி

விலையை யாருமே சொல்லவில்லையே?


பின்னெஞ்சின்

நானே சொல்கிறேன். 2008-இல் அமெரிக்காவில் ஜிடி-ஆர் 69,850 டாலர், 911 டர்போ ஏறக்குறைய 1.25 லட்சம் டாலர். இந்த ஒரு வரியில் போர்ஷேக்காரர்களான எங்கள் கோபத்தின் பாதி அடங்கிவிடுகிறது, உண்மையை ஒப்புக்கொள்கிறேன். பாதி விலைக்குச் சற்று மேலே ஒரு கார் வந்து பக்கத்தில் நின்றது. வலித்தது. ஆனால் அந்த விலை நிற்கவில்லை. 2017-இல் அதே ஜிடி-ஆர் 1.1 லட்சம் டாலரைத் தொட்டது.

நின்ற இடத்திலிருந்து பாய வைக்கும் லாஞ்ச் கண்ட்ரோல் விவகாரத்தையும் மறக்கக்கூடாது. அமெரிக்காவில் சிலருக்குக் கியர்பாக்ஸ் உடைந்து, உத்தரவாதம் பற்றிப் பெரிய பேச்சானது. பின்னர் நிசான் மென்பொருளை மாற்றி, பாயும்போது எஞ்சின் சுழலும் வேகத்தைக் குறைத்தது. சோதனையில் ஒரு முறை எடுக்கும் எண்ணுக்கும் பத்தாண்டு வைத்திருப்பதற்கும் நடுவே இப்படி ஒரு விலை உண்டு. என் டர்போவின் கிளட்ச்சை நான் ஒரு முறைதான் மாற்றியிருக்கிறேன்.


ஐஃபல்வாசி

கியர்பாக்ஸ் பற்றிச் சொன்னது நியாயம். ஏற்றுக்கொள்கிறேன்.

எண்களுக்காக இவ்வளவு பேசுகிற நாம் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். 2015 மார்ச் 28 அன்று இதே தடத்தில் நடந்த பந்தயத்தில், ஃபுளுக்பிளாட்ஸ் மேட்டில் பந்தய வகை ஜிடி-ஆர் ஒன்று காற்றில் எழும்பி வேலியைத் தாண்டியது. பார்வையாளர் ஒருவர் இறந்தார். அதன்பின் தடத்தின் சில பகுதிகளில் வேகக் கட்டுப்பாடு வந்தது, சாதனை ஓட்டங்கள் நிறுத்தப்பட்டன. மேட்டைச் சீர்செய்து, வேலிகளைப் பலப்படுத்திய பிறகுதான், 2016-இல், கட்டுப்பாடு விலகியது. அந்த மேட்டுக்குப் பக்கத்தில் நானும் குழந்தையோடு நின்று பார்த்திருக்கிறேன், வேறொரு நாளில். இப்போது போனால் வேலியிலிருந்து தள்ளித்தான் நிற்கிறேன்.

என் தேர்வைக் கேட்டால் சொல்லிவிடுகிறேன். இங்கே ஐஃபல் மலையில் அக்டோபர் காலை, இலை உதிர்ந்த ஈரச்சாலை, கை கால் விறைக்கும் குளிர், அன்றைக்கு ஜிடி-ஆரின் சாவியைக் கொடுங்கள். முன்சக்கரங்களுக்குத் தேவையான பொழுது மட்டும் விசையை அனுப்பும் அந்த நிதானம் என்னைப் போன்ற நடுத்தர ஓட்டுநரை வீடு கொண்டுவந்து சேர்க்கும். வெயில் நாளில், வெறும் மகிழ்ச்சிக்காக ஒரு முந்நூறு கிலோமீட்டர் என்றால் 911. எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதத்துக்கு மேல் பின்னால் இருக்கும் அந்தக் கார், வளைவுக்கு முன் மூக்கை அமுக்கி, வளைவு திறக்கும்போது பின்னால் உட்கார்ந்து எழுகிற விதம் வேறு எந்தக் காரிலும் கிடைக்கவில்லை.

வழக்கில் என் கட்சி மாறவில்லை. இரண்டும் உண்மை.


பின்னெஞ்சின்

யோசித்துவிட்டேன். பாதி ஒப்புக்கொள்கிறேன். ஷாஆலம் தம்பியின் ஏழு விநாடி என்னைத் தூங்கவிடவில்லை. மீதிப் பாதிக்கு, பேச்சை விட்டுவிட்டுச் செப்பாங்கில் பார்க்கலாமா? நான் டர்போவோடு வருகிறேன். உங்கள் நண்பர் ஜிடி-ஆரைத் தருவாரா? இரண்டையும் இருவரும் ஓட்ட வேண்டும், ஆளுக்கு இரண்டு காரிலும் ஐந்து சுற்று. முதல் சுற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.


ஷாஆலம்77

நண்பரிடம் கேட்டுவிட்டேன், சம்மதம். அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை நேரம் எடுக்கலாம், மதியத்துக்கு மேல் மழையை நம்ப முடியாது. டயர்தான் சிக்கல். ஜிடி-ஆர் 20 அங்குலம், முன்னே 255, பின்னே 285. உங்களுடையது 19 அங்குலம், 235-உம் 305-உம். ஒரே நிறுவனத்தின் ஒரே வகை டயர் இரண்டு அளவிலும் கிடைக்கிறதா என்று விசாரிக்கிறேன். கிடைக்காவிட்டால் எவ்வளவு தேய்ந்த டயர் என்பதையாவது அளந்து எழுதி வைப்போம்.


பின்னெஞ்சின்

காற்றழுத்தம் பார்க்கும் கருவி, டயர் வெப்பமானி இரண்டும் என்னிடம் உண்டு, கொண்டுவருகிறேன். பெட்ரோல் இரண்டு காரிலும் பாதித் தொட்டி. பிரேக் ஆயில்?


ஷாஆலம்77

வெள்ளி இரவு என் வீட்டில் வைத்து, இரண்டு காருக்கும் நம் கையாலேயே மாற்றுகிறோம், அண்ணா. முத்திரை உடைக்காத புதுப் போத்தல். நீங்கள் மிதியுங்கள், நான் கீழே படுத்துத் திறக்கிறேன்.